மேல்தண்ணீரின் இதத்தை நம்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கலிபோர்னியா, நெவாடா எல்லையில் மலைகளுக்கு நடுவே இருக்கும் தாஹோ ஏரியைப் பற்றி நம் இதழில் வந்த பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அந்த நீலத்தை எழுத்தில் கொண்டுவருவது எளிதல்ல, எழுதியவர் கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஒரு வரி மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் இதமாகிவிடும், பிள்ளைகளைப் பயமில்லாமல் இறக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார். அதை நம்பி யாராவது குடும்பத்தோடு கிளம்பிப் போய்விடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம்.

நானும் ஒரு ஆகஸ்ட் கடைசியில் மகன் குடும்பத்தோடு அந்த ஏரியின் மேற்குக் கரையில், தாஹோ சிட்டிக்குப் பக்கத்தில், இரண்டு வாரம் தங்கியிருந்தேன். முதல் நாள் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். கட்டுரையில் சொன்ன அதே இதம். மறுநாள் பகல் முழுக்கத் தென்மேற்கிலிருந்து பலமான காற்று. அதற்கு அடுத்த காலை அதே இடத்தில் கால் வைத்த பேத்தி, “பாட்டி, சுடுது!” என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடிவந்தாள். நான் கால் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சூடு இல்லை, குளிர். குழந்தைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குளிர்.

ஒரே இரவில் ஏரி எப்படி மாறியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாஹோவின் அதிகபட்ச ஆழம் 501 மீட்டர். கோடை முழுக்க வெயில் காய்ந்தாலும் சூடாவது மேலே இருக்கும் மெல்லிய அடுக்குதான். அது ஆகஸ்டில் 18, 20 டிகிரி வரை போகும். ஆழத்தில் ஆண்டு முழுக்க 5 டிகிரி அளவில்தான் இருக்கும். காற்று பலமாக அடித்தால் மேலே மிதக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை எதிர்க்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் எழும்பி வருகிறது. நேற்று குளித்த இடம்தானே என்ற நம்பிக்கை அங்கே செல்லாது.

என் மகன் சின்ன வயதிலிருந்தே நன்றாக நீந்துவான். நின்றபடியே துடுப்புப் போடும் பலகை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு மதியம் போனான். லைஃப் ஜாக்கெட்டைப் பலகையின் முன்பக்கம் கட்டிவைத்திருந்தான். கொடுத்தவரும் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. கரையிலிருந்து நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டான், காற்று திரும்பியது, விழுந்தான். விழுந்த வேகத்தில் மூச்சு இழுத்துக்கொண்டதாம். நீந்தத் தெரிந்தும் கை கால் சொன்னபடி கேட்கவில்லையாம். பலகை அதற்குள் அவனை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. கயாக்கில் வந்த ஒரு முன்பின் தெரியாத பெண் அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கரை சேர்த்தார். மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இன்றும் அந்தச் சில நிமிடங்கள் கனவில் வருகின்றன.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னால் பெருமூச்சு இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்று அது பார்ப்பதில்லை. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வரும்வரை தலையை மேலே வைத்திருக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் லைஃப் ஜாக்கெட். அது பலகையில் கட்டியிருந்தால் யாருக்குப் பயன்? தாஹோ தண்ணீரின் தெளிவும் நம்மை ஏமாற்றும். அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிவதால் இடுப்பளவுதான் என்று நினைத்துக் குதித்துவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் 21 அன்று அதே மேற்குக் கரையோரம் திடீர்ப் புயலில் ஒரு படகு கவிழ்ந்து, அதில் இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். நல்ல வெயிலோடு தொடங்கும் நாள் மதியத்தில் எப்படி மாறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். காலையில் ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். மதியத்துக்கு மேல்தான் காற்று எழும்பும், சில நாள் இடியும் சேரும். தண்ணீரில் செய்ய வேண்டியதைக் காலையிலேயே முடித்துக்கொண்டு மதியம் கரையிலோ காட்டுப் பாதையிலோ இருப்பதுதான் நல்லது.

கரையில் செய்வதற்கும் அங்கே குறைவில்லை. கட்டுரையில் இந்தப் பக்கமே வராதது எனக்குக் கொஞ்சம் வருத்தம். கோடையின் கடைசியில்தான் அந்த ஊர்கள் ஒன்றுகூடுகின்றன. சாண்ட் ஹார்பரில் ஏரியைப் பார்த்தபடி திறந்தவெளி மேடையில் நாடகம் நடக்கிறது. செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையோடு கோடைக்கூட்டம் கலையும். அப்புறம் பைகளும் இடுக்கிகளும் கையில் வைத்துக்கொண்டு கரையைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருவார்கள். நாங்களும் ஒரு காலை சேர்ந்துகொண்டோம். பேத்தி மூன்று மணி நேரம் குனிந்து சிகரெட் துண்டுகளையும் உடைந்த பிளாஸ்டிக்கையும் பொறுக்கினாள். அந்தப் பயணத்தில் அவள் இன்றும் பேசுவது அதைப் பற்றித்தான். 2021 மே முதல் ஒரு வருடம் முக்குளிப்பவர்கள் அந்த ஏரியின் 72 மைல் கரையோரம் முழுவதும் தண்ணீருக்குள் இறங்கி, ஏறக்குறைய 25,000 பவுண்டு குப்பையை வெளியே எடுத்திருக்கிறார்கள். நம்மைப் போல் வந்து போனவர்கள் விட்டுச் சென்றதும் அதில் இருந்திருக்கும்.

ஏரியின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கிறார்கள். 1968-ல் ஆண்டுச் சராசரி 31 மீட்டர். 2023-ல் ஏறக்குறைய 21 மீட்டர். வெளியூர்ப் படகுகளில் ஒட்டிக்கொண்டு வரும் சிப்பிகள் ஏரிக்குள் பரவாமல் இருக்க, 2008 முதல் மோட்டார் படகுகளைச் சோதித்த பிறகே தண்ணீரில் இறக்க விடுகிறார்கள். அந்த வரிசையில் காத்திருக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சிப்பிகள் ஒருமுறை பிடித்துவிட்டால் ஏரியை விட்டு அவற்றை விரட்ட முடியாது. காத்திருக்கலாம்.

போகிறவர்கள் புகையையும் மறக்கக் கூடாது. 2021-ல் கால்டர் காட்டுத்தீயால் ஆகஸ்ட் 30 அன்று சவுத் லேக் தாஹோ ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. கோடையின் கடைசி வாரங்கள் அங்கே தீக்காலமும்தான். பயணத்துக்கு முதல் நாள் காற்றின் தரத்தையும் தீ நிலவரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கட்டுரையோடு வந்த படத்தில் ஒரு சிறுமி துடுப்புப் பலகையில் சிரித்தபடி நிற்கிறாள். பத்து வயதுக்கு மேல் இருக்காது. பலகையில் கிளம்பும் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அங்கே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் போட்டிருக்கவில்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள், சரி. முடிந்தால் படத்தையும் மாற்றி, ஜாக்கெட் போட்ட பிள்ளை ஒன்றின் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி