மொட்டைமாடிக் குழாயைத் தொட்டியில் சேருங்கள்: எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைத் தொட்டியிலிருந்து வெட்டித் தெருக் கால்வாயில் விட்டிருக்கிறீர்கள். அது எந்தக் கூட்டத்தில் முடிவானது, யார் எதிர்த்தார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளறுவதற்காக இதை எழுதவில்லை. போன வாரம் சாயங்காலம் பெய்த மழைதான் எழுத வைத்தது. மாடித் தண்ணீர் முழுவதும் தெருவில் கொட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கேட்டுக்கு முன்னால் டேங்கர் லாரி நின்று நம் சம்ப்பை நிரப்பிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் ஒரு குழாயில் உள்ளே வந்தது. காசில்லாமல் வந்த தண்ணீர் இன்னொரு குழாயில் வெளியே போனது. இரண்டு குழாய்க்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

அந்தக் குழாயைத் தயவுசெய்து மறுபடியும் தொட்டியோடு சேர்த்துவிடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான்.

"நாலு வீட்டுக்காரர்களின் காபி ருசிக்காகத் தொட்டி வைத்திருக்க முடியாது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த நாலு வீட்டில் என் வீடும் ஒன்று. ஆமாம், மழைத்தண்ணீரைக் காய்ச்சிப் போட்ட டிகாக்‌ஷன் எனக்குப் பிடிக்கும். நம் போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் உள்ளே ஒரு விறைப்பு இருக்கும். மழைத்தண்ணீரில் அது மலர்ந்து வேகும். தலைக்குக் குளித்தால் சீயக்காய் பிசுக்கில்லாமல் அலசிக்கொண்டு போகும். வெள்ளை வேட்டி பழுப்பேறாது, சோப்பு பாதி போதும். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் சோப்பை நுரைக்க விடாமல், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. மழைத்தண்ணீரில் அது இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தொட்டிக் குழாயைத் திறந்து முகம் கழுவி, ஒருவர் மேல் ஒருவர் தெளித்துக்கொண்டு ஓடுவார்கள். இதெல்லாம் சின்னச் சந்தோஷங்கள்தான். ஒரு நாளில் நமக்குக் கிடைப்பதே இந்த அளவுதானே? அதைச் சொல்ல நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆனால் அந்தக் குழாய் காபிக்கு மட்டும் ஓடவில்லை என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் காவலாளி அறைக்குக் காவேரி லைனும் கிடையாது, மாடி டேங்கிலிருந்து இறங்கும் லைனும் கிடையாது. கட்டும்போதே யாரும் யோசிக்கவில்லை. மழைநீர்த் தொட்டியின் குழாய்தான் அந்தக் குடும்பத்தின் குழாயாக இருந்தது. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் அதில்தான். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குடும்பம் தண்ணீரை எப்படிச் செலவழிக்கும் என்று நம்மில் பல பேர் கற்றுக்கொள்ளலாம். அரிசி களைந்த தண்ணீரைக்கூட வாசல் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊற்றுவார்கள்.

இப்போது அவர்களுக்குச் செடிக்கு விடும் குழாயைக் காலை ஆறிலிருந்து ஏழு வரை திறந்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அம்மா நம் கட்டடத்திலேயே வீட்டுவேலை செய்பவர். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மகளுக்குச் சோறாக்கி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்ப வேண்டும்; அதே ஒரு மணி நேரத்தில்தான் நாள் முழுவதற்கும் தண்ணீர் பிடிக்க வேண்டும். டேங்கர் வராத நாளில் ஆறு மணிக்குத் திறந்தாலும் அந்தக் குழாயில் காற்றுதான் வரும். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏற வேண்டியதுதான். வேலை செய்யும் வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பது எப்படிப்பட்ட விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு குடம் கொடுத்துவிட்டு, அன்றைக்குப் பால்கனியையும் கழுவிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அவர் யார் மீதும் குறை சொல்லவில்லை. பிள்ளையின் யூனிபாரத்தை ராத்திரியில், துணி அலசி மிச்சமான தண்ணீரில் துவைப்பதாகச் சொல்லிவிட்டு, அழுக்கு தெரிகிறதா என்று என்னிடம் காட்டினார்.

பிறகு ஷெட் தகரத்தின் ஓரத்தில் ஒரு நீல டிரம் வைத்து, சொட்டும் மழையைப் பிடித்தார். மூடியும் போட்டிருந்தார். இரண்டாவது மழைக்குள் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஏறியது: பார்வைக்கு நன்றாக இல்லை, டிரம்மை அகற்றவும். அந்த நோட்டீஸில் யாருடைய கையெழுத்து இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று என்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறேன்.

தொட்டியை மூடியதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் நாற்றமும் கொசுவும். இரண்டும் உண்மையான கவலைகள். 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாகவே அறிவித்தது. கொசு என்றால் பயப்படத்தான் வேண்டும். ஆனால் கொசு முட்டையிட வழி வேண்டுமே. தொட்டியின் மூடி இறுக்கமாக இருந்து, நிரம்பி வழியும் குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டியிருந்தால் கொசு எந்த வழியாக உள்ளே போகும்? நம் தொட்டியில் அந்த வலை கிழிந்து கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். நாற்றமும் அப்படித்தான். மாடி முழுக்கப் புறா எச்சம். கோடைக்கு அப்புறம் வரும் முதல் மழை மாடியைக் கழுவிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். அதற்கென்று குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திருப்புவாரில்லை. வடிகட்டியில் இருக்கும் ஜல்லியையும் மணலையும் கரியையும் எடுத்து அலசவில்லை. பராமரிப்பு நின்றதால் தண்ணீர் கெட்டது. நீங்கள் பராமரிப்பைத் தொடங்காமல் தண்ணீரை நிறுத்திவிட்டீர்கள்.

கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாடி சுமார் 4,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 370 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 7,400 லிட்டர். ஆவியானது, சிதறியது, முதலில் வெளியே விட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 6,000 லிட்டர் நிற்கும். சின்ன டேங்கர் ஒன்று கொண்டுவருவதும் அவ்வளவுதான். பெங்களூரில் வருடத்துக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அத்தனையையும் பிடிக்க நம் தொட்டியில் இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வழிவதைப் போர்வெல் பக்கத்தில் ஒரு குழி எடுத்து மண்ணுக்குள் இறக்கலாம். போர்வெல்லும் வருடா வருடம் ஆழத்துக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது?

இது நம் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் கிடையாது. 2009இலேயே சட்டம் வந்தாயிற்று. 60க்கு 40 அடி மனையிலும் அதைவிடப் பெரிய மனையிலும் இருக்கும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இல்லையென்றால் தண்ணீர் பில்லோடு அபராதமும் சேர்ந்து வரும். நம் மனை அதைவிடப் பெரியது. குழாயை வெட்டியவர்கள் அந்த அபராதத்தை யார் பணத்திலிருந்து கட்டுவதாக நினைத்தார்கள் என்று தெரியவில்லை. பராமரிப்புக் கட்டணத்தில்தான் வந்து விழும்.

இந்த ஊரையே நினைத்தால் வயிறு எரிகிறது. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா மைதானம் நிற்பது சம்பங்கி ஏரியில். தண்ணீர் நின்ற இடத்தையெல்லாம் மேடாக்கிவிட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவேரியை அரை கிலோமீட்டர் உயரத்துக்கு மோட்டார் வைத்து ஏற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறோம். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் மழை வெள்ளத்தில் ஆட்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் அதே ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. நடுவில் ஒன்றரை வருடம். வந்த தண்ணீரைத் தெருவில் விட்ட ஒவ்வொரு கட்டடத்துக்கும் இந்த இரண்டிலும் பங்கு உண்டு. இப்போது நம் கட்டடமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அல்சூர் ஏரி கண்ணெதிரே இருக்க, அதன் கரையில் திருவள்ளுவர் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டி "நீரின்றி அமையாது உலகு" சொல்லிக்கொடுக்கும் நாம் இதைச் செய்யலாமா?

சரி, ஊர்க்கதையில் வெகுதூரம் போய்விட்டேன். கோபத்தில் ஏதேனும் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழு வேலை சம்பளமில்லாத வேலை, லிஃப்ட் நின்றாலும் மோட்டார் எரிந்தாலும் உங்களைத்தான் எழுப்புகிறோம் என்பது தெரியும். அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன்.

மாடிக் குழாயைத் தொட்டியோடு சேர்த்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபரில்தான் நமக்குப் பெரிய மழை. அதற்கு முன்பே செய்தால் இந்த வருடமே பலன் தெரியும். காவலாளி அறைக்குத் தொட்டியிலிருந்து ஒரு லைன், மழையில்லாத மாதங்களுக்கு மாடி டேங்கிலிருந்து ஒரு லைன், இரண்டையும் அதே பிளம்பர் ஒரே நாளில் போட்டுவிட முடியும். அதுவரை நீல டிரம்மை இருந்த இடத்திலேயே வைத்துக்கொள்ள அந்த அம்மாவை விடுங்கள். எப்படிப் பராமரிப்பது என்ற சந்தேகம் இருந்தால் ஜெயநகரில் குடிநீர் வாரியத்தின் மழைநீர் சேகரிப்புப் பூங்கா இருக்கிறது, மாதிரிகளை நேரிலேயே பார்க்கலாம். நானும் வருகிறேன்.

வடிகட்டி அலசவும் மாடி கூட்டவும் ஆள் இல்லை என்ற பேச்சு இனி வேண்டாம். எங்கள் நாலு வீடும் முறை போட்டுச் செய்கிறோம், எழுதியே தருகிறோம். இந்த மடலைக் கன்னடத்தில் எழுதித்தர மூன்றாம் மாடி அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு மொழியிலும் வாசிக்க எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிளம்பர் வரும் தேதியையும் அன்றைக்கே சொல்லிவிட்டால் நல்லது. அதற்கு முந்தின நாள் துடைப்பத்தோடு மாடி ஏறிவிடுவோம்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக் குடித்தனக்காரி,
அல்சூர், பெங்களூர்