முதலில் நாற்காலியை எண்ணு

சென்னை,
ஞாயிறு காலை

அன்புள்ள பழனி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வீட்டுக்குள் தானே நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். ரிட்டையர் ஆகி எட்டு மாசம் ஆகிறது. இன்னமும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் என் கண் மேலே பார்த்து, ஃபால்ஸ் சீலிங்கில் எங்கே ஒழுகிய கறை என்றுதான் தேடுகிறது. இருபத்தேழு வருஷம் அட்மினில் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தோன்றும்!

கோவை அவினாசி ரோடு ஆபீஸையும், கணபதி பகுதியில் இருக்கும் ஃபவுண்டரியையும் (இரும்பு உருக்கி வார்க்கும் பட்டறையை) சேர்த்து விற்றுவிட்டு, அதே இடங்களில் வாடகைக்கு இருந்துகொள்ளலாம் என்று உங்கள் முதலாளி சொல்வதாக எழுதியிருந்தாய். பணம் வரும், கடன் அடையும். அவர் கணக்கு புரிகிறது. லக்ஷ்மி மில் வளாகத்துக்குள் லூலு ஹைப்பர்மார்க்கெட் வந்த பிறகு, அந்த ரோட்டில் மூணு சென்ட் வைத்திருப்பவரும் தூக்கத்தில் சதுர அடி ரேட் பேசுகிறார் என்று நீதானே சொன்னாய்.

ஆனால் விலை பேச உட்காருமுன் கம்பெனிக்கு என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? சிரிக்காதே. நான் இருந்த கம்பெனியில் புறநகரில் ஒரு மனை. இருபது வருஷமாக வரி கட்டி ரசீதை ஃபைலில் குத்திக்கொண்டு இருந்தோம். ஒருநாள் ஆடிட்டர் கேட்டாரே என்று சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனேன். மனையின் முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் பிள்ளையார் கோயில், கோயிலுக்கு டைல்ஸ் வேறு போட்டிருந்தார்கள். தாய்ப்பத்திரத்தைத் தேடினால் அது கம்பெனி ஆவதற்கு முன்பிருந்த பார்ட்னர்ஷிப் பேரில் கிடக்கிறது. பாலன்ஸ் ஷீட்டில் மட்டும் அந்த மனை கம்பீரமாக இருந்தது.

அடுத்தது நாற்காலி. இன்னொரு மாடி வாடகைக்கு எடுக்க வேண்டும், உட்கார இடமில்லை என்று எல்லா டிபார்ட்மென்டும் கத்தின சமயம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ரெண்டு வாரம், தினமும் காலை பதினொன்றரைக்கும் மத்தியானம் மூன்றரைக்கும் மாடி மாடியாக நடந்து, ஆள் உட்கார்ந்த சீட்டுக்கு ஒரு கோடு போட்டேன். எந்த நாளும் பாதி தாண்டவில்லை. சேல்ஸ்காரர்கள் வெளியே இருப்பார்கள், நாற்காலி முதுகில் துண்டு மட்டும் இருக்கும். ரெக்கார்ட் ரூமில் 1990களின் வவுச்சர்கள் சதுர அடிக் கணக்கில் வாடகை தின்றுகொண்டிருந்தன. அந்த நோட்டை எம்.டி. மேஜையில் வைத்த நாளோடு புது மாடிப் பேச்சு நின்றது. சேல்ஸ் மேனேஜர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கூத்துதான். லண்டன் கேனரி வார்ஃபில் ஹெச்.எஸ்.பி.சி. வங்கியின் தலைமையகக் கோபுரம் இருக்கிறதல்லவா? 2007-ல் அதை ஸ்பெயினின் மெட்ரோவசேசா நிறுவனத்துக்கு 109 கோடி பவுண்டுக்கு விற்று, இருபது வருஷ வாடகைக்கு அங்கேயே இருந்தார்கள். வாங்கியவருக்குப் பெரும்பகுதிக் கடனைக் கொடுத்ததும் அதே வங்கி! மறு வருஷம் சந்தை சரிந்தது. அந்தக் கடனை அடைக்க மெட்ரோவசேசாவுக்கு வேறு எங்கும் கடன் கிடைக்கவில்லை. வங்கி 83.8 கோடிக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2009-ல் கொரியாவின் தேசிய ஓய்வூதிய நிதிக்கு 77.25 கோடிக்கு மறுபடி விற்றது. நடுவில் ஒரு மேஜைகூட நகரவில்லை. 2023-ல், லீஸ் முடியும்போது செயின்ட் பால் தேவாலயம் பக்கம் சின்ன இடத்துக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அப்புறம் பார்த்தால் அங்கே நாற்காலி போதாது, கேனரி வார்ஃபிலேயே இன்னொரு கட்டடத்திலும் இடம் பிடிக்க வேண்டியதாயிற்று. என் நாற்பது பக்க நோட்டை அனுப்பியிருக்கலாம்.

ஆனால் அவர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நீங்கள் ஃபர்னஸைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்? ஹெச்.டி. என்கிற உயர் அழுத்த கரண்ட் கனெக்‌ஷன், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, மோல்டிங் ஆட்கள் எல்லாம் கணபதியோடு ஒட்டியவை. லீஸ் முடிகிற அன்று ஓனர் கேட்கும் வாடகைக்குத் தலையாட்டுவதைத் தவிர வழி இருக்காது. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனி 2015-ல் 235 இடங்களை விற்றது, பெரும்பாலானவற்றில் வாடகைக்குத் தொடர்ந்தது. 2018 அக்டோபரில் திவால் மனு. வாடகை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கடையில் ஏற்கெனவே கூட்டம் இல்லை. ஆனால் விற்ற காசு தீர்ந்த பிறகு, அடகு வைக்க அந்த இடங்கள் கையில் இல்லை.

அதனால் ஆபீஸை விற்கட்டும், ஃபவுண்டரியைத் தொட வேண்டாம். ஆபீஸிலும் உங்களுக்கு ரெண்டு மாடி போதும் என்று நினைக்கிறேன். விற்றால் வரும் வரியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருஷா வருஷம் தேய்மானம் எழுதிய கட்டடத்துக்குக் குறுகிய கால லாபமாகத்தான் போடுவார்கள், நிலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல். லீஸ் எழுதும்போது கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது சுவருக்குள் நாம் புழங்கும் இடத்துக்கு மட்டும் வாடகை பேசு, பொது இடங்களையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் என்றால் லிஃப்ட் குழிக்கும் நீ காசு கொடுப்பாய். மூணு வருஷத்துக்கு 15 சதவீதம் ஏற்றம் என்று நீட்டுவார்கள், அது ஊர் வழக்கம், பேசினால் குறையும். இத்தனை வருஷம் ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்கிற லாக்-இன் ஓனருக்கும் இருக்க வேண்டும், உங்களுக்கு மட்டும் அல்ல. மொட்டை மாடி ஒழுகினால் யார் செலவு என்று ஒரு வரி கட்டாயம் எழுது. நான் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மூணு மழைக்காலம் வாளி வைத்தவன்.

ஐப்பசியில் தங்கை பேரன் காதுகுத்துக்குக் கோவை வருகிறேன். அதற்குள் பதினொன்றரை மணிக் கணக்கை ரெண்டு வாரம் எடுத்து வை, அன்னபூர்ணாவில் காபி சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்
சேகர்

பி.கு.: ஃபவுண்டரி தாய்ப்பத்திரம் பீரோவில் இருக்கிறது என்று முதலாளி சொன்னால் நம்பாதே. பேங்கில்தான் இருக்கும். எந்தக் கடனுக்கு வைத்தது என்று முதலில் கேள்.