பதினோரு மணி நேரம் யார் கேட்பார்கள், கயல்?

அன்புள்ள கயலுக்கு,

உன் தோழிக்காகப் போட்ட பிளேலிஸ்ட்டை அனுப்பி, "அம்மா, கேட்டுட்டு சொல்லு" என்று எழுதியிருந்தாய். கேட்டேன். முழுதாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது பதினோரு மணி நேரம் ஓடுகிறது. பாட்டெல்லாம் நல்ல பாட்டு, அதில் குறையே இல்லை. பாதிப் பேரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருவருக்கென்று தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால்தான் அது மிக்ஸ்; இது இன்னும் அப்படி ஆகவில்லை. உனக்குப் பிடித்ததெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறவள் அவள். பெட்டி கட்டுவாளா, உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உன் ரசனையைப் படிப்பாளா?

கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதால் சொல்கிறேன்.

கேசட் காலத்தில் எங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இல்லை, டேப் தீர்ந்துவிடும் என்பதால். சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம், சி-60 என்றால் 30. அதற்குமேல் ஒரு பாட்டைச் சேர்க்க வேண்டுமானால் உள்ளே இருக்கிற ஒன்றை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று யோசிக்கும்போதுதான், யாருக்காகப் போடுகிறோம் என்ற நினைப்பே வரும். இந்தப் பாட்டு எனக்கு உயிர், ஆனால் அவளுக்கு இது பிடிக்குமா? ஏழு நிமிட கிட்டார் இரைச்சலை அவள் தாங்குவாளா? உன் பட்டியலில் அந்தக் கேள்வியைக் கேட்ட தடயமே இல்லை. அதனால் நீயாகவே ஓர் எல்லை வைத்துக்கொள். நான் சொல்வது 45 நிமிடம். பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு வரும், போதும்.

இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவது எப்படி என்று உனக்குச் சொன்னதில்லை. டேப்பின் தொடக்கத்தில் காந்தப் பூச்சு இல்லாத ஒரு துண்டு இருக்கும். அதில் எதுவும் பதியாது. விரலால் சுற்றி அதைக் கடத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் பாட்டின் முதல் வரி போய்விடும். அப்புறம் ரெக்கார்டு, ப்ளே பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி, பாஸில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இசைத்தட்டில் ஊசியை இறக்குவோம். பள்ளத்தில் ஊசி ஓடுகிற சரசரப்பு கேட்கும். பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பு பாஸை விட வேண்டும். சீக்கிரம் விட்டால் சரசரப்பு நீளும், தாமதித்தால் டிரம்மின் முதல் அடி வெட்டுப்படும். ஒலி அளவைக் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குள் அடிக்கடி போனால் ஒலி கரகரக்கும், ஒரேயடியாகத் தாழ்ந்து கிடந்தால் பாட்டைவிட டேப்பின் இரைச்சல் பெரிதாகக் கேட்கும். நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆக, மிக்ஸ் போட்டவர் எப்படிப்பட்ட சோம்பேறியாக இருந்தாலும் ஒருமுறையாவது அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டிருப்பார். இப்போது நீ ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல் நூறு பாட்டை இழுத்துப் போடலாம். போட்டிருக்கிறாய் என்றும் சந்தேகம். ஒரே பாட்டு வேறு வேறு ஆல்பத்திலிருந்து இரண்டு முறை வருகிறதே!

பக்கத்தின் கடைசியில் எப்போதும் இரண்டு நிமிடம் போல மிஞ்சும். வெறுமனே விட மனசு வராது, பெரிய பாட்டு வைத்தால் பாதியில் அறுந்துபோகும். நல்லவேளை, பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி குழுக்களிடம் ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடப் பாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, வரிசை. உன் பட்டியலில் முதல் மூன்று பாட்டும் அடித்து நொறுக்குகின்றன. நான்காவது வரும்போது காது களைத்துவிடுகிறது. இருப்பதிலேயே சிறந்த பாட்டை முதலில் வைக்காதே, மூன்றாவதிலோ நான்காவதிலோ வை. முதல் பாட்டுக்கு வேலை வேறு: உள்ளே வா என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஒரே குழுவின் இரண்டு பாட்டு அடுத்தடுத்து வேண்டாம். மெதுவான பாட்டுக்குப் பின் வேகமானதை வைத்தால் எடுபடும். மெதுவானது மூன்று சேர்ந்து வந்தால் அவள் போனைக் கையில் எடுத்துவிடுவாள். இதற்கெல்லாம் சட்டம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் செய்: ஒவ்வொரு பாட்டின் கடைசி இருபது நொடியையும் அடுத்ததன் முதல் இருபது நொடியையும் சேர்த்துக் கேள். ஒட்டுகிறதா இல்லையா என்று காது சொல்லிவிடும்.

ஒலி அளவையும் பார். எண்பதுகளில் சிறிய லேபிள்கள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனங்கள், கொண்டுவந்த பதிவுகள் தாழ்ந்த ஒலியில் இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு சத்தத்தை ஏற்றினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேட்பவளுக்குத் தூக்கிவாரிப் போடும். பெரும்பாலான செயலிகளில் ஒலியைச் சமப்படுத்தும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளச் சொல். ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடை அணைக்கச் சொல், அது முடிவுகளைத் தின்றுவிடும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளையும்தான். ஷஃபிள் போட்டால் நீ வரிசைக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்.

இன்னொன்று, தொண்ணூறுகளின் சிடிக்களில் ஒரு விளையாட்டு உண்டு. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு பல நிமிடம் மௌனம், அதற்கப்புறம் திடீரென்று ஒளித்து வைத்த ஒரு பாட்டு. அப்படிப்பட்ட டிராக்கை நீ நடுவில் வைத்தால், போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவாள். நீளத்தைப் பார்த்துச் சேர்.

வரிகளையும் கவனி. இண்டி பாப்பில் மெட்டு வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும், வார்த்தை பார்த்தால் பிரிவும் கசப்பும். ஊரை விட்டுப் போகிறவளுக்கு "போனால் போ" என்கிற தொனியில் மூன்று பாட்டு வைத்திருக்கிறாய். நீ மெட்டை மட்டும் கேட்டு வைத்திருப்பாய். அவள் தனியாக இரவில் வரிகளைக் கேட்பாள்.

இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலோடு ஒரு தாள் எழுது, கையால் எழுது. பாட்டின் பெயர், குழு, ஆண்டு, எந்த லேபிள். லேபிள் எதற்கு என்று கேட்பாய். இண்டி என்பது முதலில் ஒலியின் பெயர் இல்லை. பெரிய நிறுவனங்களை நம்பாமல் யார் பதிவு செய்தார்கள், யார் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள் என்பதுதான் கணக்கு. பிரிட்டனில் 1980-இல் இண்டி விற்பனைக்கென்று தனித் தரவரிசை வந்தபோதும் ரெக்கார்டைக் கடைகளுக்குக் கொண்டுபோனது பெரிய நிறுவனமாக இருக்கக் கூடாது என்பதுதான் அதில் இடம்பெறத் தகுதி. மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கித் தங்கள் சொந்த லேபிளில் முதல் ரெக்கார்டை 1977 ஜனவரியில் வெளியிட்டது. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிதான். அதன் உறையில், எந்தப் பாட்டு எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது, மேலே ஏதாவது சேர்த்துப் பதிந்தார்களா என்றுகூடப் போட்டிருந்தார்கள். இது ஒன்றும் மந்திரம் இல்லை, நீயும் செய்யலாம் என்று படிப்பவர்களிடம் சொல்கிற மாதிரி. உன் தாளிலும் அப்படி ஒரு விவரம் இருக்கட்டும். இந்தப் பாட்டை எங்கே கேட்டாய், ஏன் அவளுக்கு வைத்தாய் என்று ஒரு வரி போதும். எல்லாப் பாட்டுக்கும் வேண்டாம், அது சள்ளையாகிவிடும்.

கேசட்டும் இண்டியும் சேர்ந்தே வளர்ந்தவை. 1981-இல் என்எம்இ என்ற பிரிட்டிஷ் இசை வார இதழ், ரஃப் டிரேடு லேபிளோடு சேர்ந்து ஒரு தொகுப்புக் கேசட் கொண்டுவந்தது. வாசகர்கள் இதழில் வந்த கூப்பனை வெட்டிப் பணத்தோடு அனுப்பி வாங்கினார்கள். சி-60, சி-90 என்பதைக் கிண்டல் செய்து அதற்கு சி81 என்று பெயர். 1986-இல் வந்த சி86-இல் 22 பாட்டு; அந்தப் பெயரே பிறகு ஒருவகை கிட்டார் பாப்புக்குப் பெயராகிவிட்டது. அதே காலத்தில் பிரிட்டனின் இசை நிறுவனங்களின் சங்கம், வீட்டில் டேப் செய்வது இசையைக் கொல்கிறது என்று கேசட்டை மண்டை ஓடாக வரைந்து பிரசாரம் செய்தது. அதற்கு அமெரிக்காவின் டெட் கென்னடிஸ் குழு கொடுத்த பதிலை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். 1981-இல் தங்கள் கேசட்டின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, நீங்களும் பதிந்து உதவுங்கள் என்று எழுதிவிட்டார்கள்!

அவர்கள் பக்கம்தான் நான். வானொலி தொடாத குழுக்களைக் கைக்குக் கை கொண்டுபோனது இந்த மிக்ஸ்கள்தான். ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. செயலிகளில் ஓடவிட்டுக் கேட்பதில் சின்னக் குழுவுக்குக் கிடைப்பது சொற்பம். உன் பன்னிரண்டு பாட்டில் ஒன்றையாவது, இல்லை அந்த ஆல்பத்தையே, அவளுக்கு வாங்கிக் கொடு. குழுக்கள் தாங்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றச் செலவு போக மிச்சம் பாடியவர்களுக்கோ அவர்கள் லேபிளுக்கோ போகும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றபோது ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு பல மாதங்களில் முதல் வெள்ளியன்று அதைத் தொடர்ந்தார்கள். அப்படி ஒரு வெள்ளி வந்தால் அன்று வாங்கு.

பிளேலிஸ்ட்டின் இணைப்பை மட்டும் நம்பாதே, தாளும் கொடு என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. உரிமை மாறினால் பாட்டு சாம்பல் நிறமாகி ஓடாமல் நிற்கும். அவள் போகிற நாட்டில் அது கிடைக்காமலும் போகலாம். 2008-இல் மக்ஸ்டேப் என்று ஒரு தளம் வந்தது. பாட்டுகளை ஏற்றி, கேசட் மாதிரி வரிசைப்படுத்தி நண்பர்களுக்குக் கொடுக்கலாம். சில மாதங்களிலேயே இசை நிறுவனங்களோடு சிக்கல் வந்து நின்றுபோனது, அதில் போட்டிருந்த மிக்ஸ்களும் சேர்ந்தே போயின. பெயர்கள் தாளில் இருந்தால் அவள் வேறெங்காவது தேடிக்கொள்வாள்.

இனி உன் பட்டியல். பத்தாவதாக வரும் பாட்டு கட்டாயம் இருக்கட்டும், பாடுகிற பெண் தொண்டையைச் சரிசெய்துகொள்வது வரை பதிவாகியிருக்கிறது. நேரலைப் பதிவுகள் நான்கையும் எடுத்துவிடு, கைதட்டல் நடுவில் வந்து ஓட்டத்தை அறுக்கிறது. எலெக்ட்ரானிக் பாட்டுகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அவற்றில் எது அவளுக்கு என்று நீயே முடிவு செய்.

45 நிமிடத்துக்குக் குறைத்துவிட்டு மறுபடி அனுப்பு, இந்த முறை முழுதாகக் கேட்கிறேன். அவளுக்குச் சம்மதமென்றால், அவளிடமிருந்தும் 45 நிமிடம் கேட்டு வாங்கு. கொடுத்ததற்குப் பதிலாக ஒன்று வந்தால்தான் அவள் கேட்டாளா என்று உனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

அன்புடன்,
அம்மா