அந்தப் பழைய பி.எஃப். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே

சயான் கோலிவாடா,
மும்பை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குச் சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தாராவி லேபர் கேம்பில் நாம் இருந்த சந்திலும் வீட்டுக்கு வீடு நம்பர் போட்டு அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எப்போது இடிப்பார்கள், யாருக்கு எங்கே வீடு என்பதுதான் இப்போது அங்கே டீக்கடைப் பேச்சு.

அதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். பம்பாயில் பார்த்த வேலைக்கு இனிமேல் என்ன வரப்போகிறது, பி.எஃப். பணத்தைத்தான் அப்போதே வாங்கிச் செலவழித்தாயிற்றே என்று. இந்தக் கடிதமே அந்த வரிக்காகத்தான். நீ வாங்கியது பி.எஃப். பணம். பென்ஷன் வேறு.

1995 நவம்பர் 16ஆம் தேதியிலிருந்து கம்பெனி உன் பேரில் கட்டிய பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் தனியாகப் பென்ஷன் நிதிக்குப் போயிருக்கிறது. பத்து வருஷம் நிறைந்தவருக்கு அந்தப் பங்கை மொத்தமாகக் கையில் தர மாட்டார்கள். 58 வயது முடிந்ததும் மாதாமாதம்தான் வரும். நீ 94இல் சேர்ந்து 2008 ஜூலையில் கணக்கு முடித்தாய். பென்ஷன் கணக்கில் 12 வருஷமும் எட்டு மாதமும் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாக எடுப்பார்கள், ஆக 13. உன் சம்பளம், பென்ஷன் கணக்குக்கு அப்போதைய உச்சவரம்பான 6,500க்கு மேல்தான் இருந்தது. 6,500ஐப் பதிமூன்றால் பெருக்கி 70ஆல் வகுத்தால் 1,207 ரூபாய். சம்பளமில்லா லீவு நிறைய இருந்தால் கொஞ்சம் குறையலாம். உனக்கு 58 முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விண்ணப்பம் இப்போது போனாலும், வயது முடிந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து நிலுவையும் சேர்த்துத் தருவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். என் அக்கா மகன் விஷயத்தில் கற்றுக்கொண்டது. பட்டறையில் பவர் பிரஸ் மெஷினில் அவனுடைய வலது கையில் நான்கு விரல் போனதை உனக்குப் போனில் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே பட்டறை மேனேஜர் ஸ்டாம்ப் பேப்பரோடு வீட்டுக்கு வந்தார். இரண்டு லட்சம் தருகிறோம், இனிமேல் எந்தப் பாக்கியும் இல்லை என்று கையெழுத்துப் போடு என்றார். அக்கா போடச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வாடகை நிற்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஒரு ராத்திரி பொறு என்று சொல்லி நான் அந்தக் காகிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு லால்பாக்கில் எல்லோரும் காகா (மராத்தியில் சித்தப்பா) என்று கூப்பிடும் ஒரு பெரியவரிடம் போனேன். 82இல் மில் ஸ்டிரைக்கில் வேலை போனவர். பிறகு யூனியன் ஆபீசில் உட்கார்ந்து தொழிலாளிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தே வயதானவர். சால் என்கிற பழைய வரிசை வீட்டில் ஒற்றை அறை, இரும்பு பீரோ முழுக்க ஃபைல்.

நான் கதையை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பிடித்தம் வரிசையில் விரலை இறக்கிக்கொண்டே வந்தார். 135 ரூபாயில் விரல் நின்றது. பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு 0.75 சதவீதம், இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம். "இது இருக்கும்போது அந்த ஸ்டாம்ப் பேப்பர் எதற்கு?" என்றார்.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. வேலையில் காயம் பட்டால் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று இ.எஸ்.ஐ.யில் கிடையாது, முதல் நாளே பட்டாலும் உண்டு. காயம் ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம். ஆறிய பிறகு மெடிக்கல் போர்டு பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று சதவீதம் போடும். ஒரு கையில் நான்கு விரல் போனால் சட்டத்தின் அட்டவணையில் 50 என்று அச்சடித்தே இருக்கிறது. அவன் கணக்கில் அது அந்த 90 சதவீதத்தில் பாதி, மாதம் ஏறக்குறைய 8,100 ரூபாய், ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. இரண்டு லட்சம் என்றால் அதில் இரண்டு வருஷப் பணம்தான் மாப்ளே. பையனுக்கு வயது 34.

இன்னொன்றும் அவர் கண்ணில்தான் பட்டது. பட்டறை கொடுத்த விபத்து அறிக்கையில், சாப்பாட்டு நேரத்தில் அனுமதியில்லாமல் மெஷினைத் துடைக்கப் போய்க் கையைக் கொடுத்தான் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் வைத்திருந்தோம். காகா, விதியை மீறியே செய்திருந்தாலும் முதலாளி வேலைக்காகச் செய்ததானால் அது வேலை விபத்துதான், சட்டத்தில் அப்படியே இருக்கிறது என்றார். உடனே ஒரு மனு எழுதி, கூட நின்ற இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். போர்டு 50 சதவீதம் போட்டது. இப்போது மாதாமாதம் பேங்கில் விழுகிறது. பையன் அதே பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறான்.

எனக்கு இதில் பட்டது ஒன்றுதான். ஒரு ஆபீஸ் ஜன்னலில் இருப்பவர் அடுத்த ஜன்னலைப் பற்றிச் சொல்வதில்லை. இ.எஸ்.ஐ.யில் பி.எஃப். பேச்சு வராது. பி.எஃப். ஆபீசில் ஊனச் சான்றிதழ் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இ.எஸ்.ஐ. போட்ட 50ஐ வைத்து யூ.டி.ஐ.டி. என்கிற ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கிவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். அதற்கு வேறு டாக்டர்கள், வேறு அளவு, அங்கே 40 சதவீதமாவது இருந்தால்தான் பல சலுகைகளுக்கு வழி. எல்லா ஜன்னலையும் தெரிந்த ஒரு ஆள் நம் பக்கம் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர், வராது என்றால் அதையும் நேராகச் சொல்வார். பி.எஃப். பென்ஷனில் ஊனமுற்றவருக்கு என்று ஒரு பென்ஷன் இருக்கிறதாமே, அதுவும் வருமா என்று நான் ஆசையாகக் கேட்டேன். எந்த வேலையும் செய்ய முடியாமல் போனவருக்குத்தான் அது, இவனுக்கு வராது, வீணாக அலையாதே என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஆபீஸ் வாசலில் நிற்கும் ஏஜெண்டுகள் இதற்கு நேர் எதிர். எதைக் கேட்டாலும் முடியும் என்பார்கள், வருகிற பணத்தில் பங்கு கேட்பார்கள். பி.எஃப். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. ஊரில் யாராவது முடித்துத் தருகிறேன் என்று வந்து ஆதார் நம்பரும் ஓ.டி.பி.யும் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதே. இ.எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் போகிற அளவுக்குத் தகராறு வந்தால் வக்கீல் வேண்டும், அவருக்குப் பீஸ் கொடுப்பது நியாயம். உன் விஷயத்துக்கு அதெல்லாம் தேவைப்படாது.

உன் விஷயத்தில் இரண்டு இடத்தில்தான் கவனம் வேண்டும். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது நாற்பது மாடி நிற்கிறது, கையெழுத்துக்கு யாரிடம் போவது என்று நீ மலைக்க வேண்டாம். மூடிப்போன கம்பெனி என்றால் பேங்க் மேனேஜரோ கெஜட்டட் ஆபீசரோ சான்று போடலாம். இரண்டாவது, பெயர். அந்தக் காலத்து கிளார்க் உன் அப்பா பெயரைச் சேர்த்து எப்படி எழுதிவைத்தானோ! ஆதாரில் ஒன்று, சீட்டில் ஒன்று என்றிருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டுத்தான் 10டி படிவம் போட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் படிவத்தில் குடும்ப விவரம் எழுதும் இடத்தில் நம் மூத்த மகளின் பெயருக்கு எதிரே ஊனமுற்றவர் என்று தவறாமல் எழுது. கூச்சப்படாதே, சொந்தக்காரர் யார் பார்ப்பார் என்று நினைக்காதே. உனக்குப் பிறகு வரும் பிள்ளைப் பென்ஷன் மற்றப் பிள்ளைகளுக்கு 25 வயதோடு நின்றுபோகும். முழுமையாகவும் நிரந்தரமாகவும் ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. உனக்குப் பிறகும் அவளுக்கென்று ஒரு தொகை வரும். பிள்ளை பங்கு குறைந்தபட்சம் 250 ரூபாய்தான், பெரிய பணம் இல்லை. ஆனாலும் அவள் பேரில் அவளுக்கு வருவது. அவளுக்கு யூ.டி.ஐ.டி. அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

தொகையை நினைத்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதற்கப்புறம் கேஸ் சிலிண்டர் என்ன விலைக்குப் போயிற்று, மாத்திரை என்ன விலைக்குப் போயிற்று! 7,500 கேட்டுப் பெரியவர்கள் வெயிலில் உட்கார்ந்து போராடுகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். அதற்காக உனக்கு வர வேண்டிய 1,207ஐ நீ விட்டுவிடுவதில் எந்த நியாயமும் இல்லை. தங்கச்சிக்கு மாத்திரைக்காவது ஆகும்.

வருஷா வருஷம் கொடுத்த கணக்குச் சீட்டு உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், மேலே எம்.எச். என்று ஆரம்பிக்கும் நம்பர். அதையும் ஆதாரையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஊர் பேங்க் கணக்கே போதும், 2025 ஜனவரியிலிருந்து நாட்டில் எந்த பேங்கிலும் இந்தப் பென்ஷனை வாங்கலாம். நீயும் தங்கச்சியும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், 10டிக்கு அது வேண்டும். மாதாமாதம் 27ஆம் தேதி பி.எஃப். ஆட்களே குறை கேட்கும் முகாம் நடத்துகிறார்கள். அதற்கு முன்னால் காகாவிடம் உன் சீட்டைக் காட்டிவிட வேண்டும், ஆகவே தாமதிக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்