தம்பிக்கு: மால்டாவுக்குப் பிப்ரவரியில் போ

அன்புள்ள தம்பி,

ஜெர்மனியிலிருந்து சித்தியோடு மால்டாத் தீவுக்குப் போக டிசம்பரா, பிப்ரவரியா என்று கேட்டிருந்தாய். பிப்ரவரிதான். 10ஆம் தேதி நடுவில் வருகிற மாதிரி 4 நாள் லீவு போடு. கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போகிற யோசனையை விட்டுவிடு. நவம்பர் தாண்டினால் அங்கே ஹோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் இழுத்து மூடிக் கிடக்கும். சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவுகளைக் காட்டுவானேன்? மால்டாவில் குளிர்காலத்திலும் பள்ளிக்கூடம், அலுவலகம், பஸ் நெரிசல் எல்லாம் அதுபாட்டுக்கு நடக்கும்.

டிசம்பர் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் வெளிச்சம். கிறிஸ்துமஸ் சமயத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பிப்ரவரி 10 வாக்கில் ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கும். 4 நாள் பயணத்தில் அந்த நேரம் பெரிசு. கிறிஸ்துமஸ், புத்தாண்டையொட்டி அரசு அருங்காட்சியகங்களும் மூடல். டிசம்பருக்கென்று ஒரே ஒரு வாதம் உண்டு: இம்னாய்த்ரா (Mnajdra) என்கிற கற்காலக் கோயில். 5,000 ஆண்டுக்கு மேல் பழசு. டிசம்பர் 21ஐ ஒட்டிய காலைகளில் உதிக்கிற சூரியன் வாசல் வழியாக வந்து உள்ளே வலப்பக்கக் கல்லின் ஓரத்தைத் தொடும். ஜூனில் இடப்பக்கக் கல்லை. அதற்காக விடியற்காலையில் அந்தக் கடலோரக் குன்றில் சித்தியை நிறுத்தப் போகிறாயா? மேகம் இருந்தால் அதுவும் இல்லை.

பிப்ரவரி 10 புனித பவுலின் கப்பல் உடைந்த திருநாள், அங்கே அரசு விடுமுறை. ரோமுக்குக் கைதியாகக் கொண்டுபோகும் வழியில் கி.பி. 60 வாக்கில் அவர் கரை ஒதுங்கியது இங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ் பைபிளில் மெலித்தா தீவு என்று வருவது இதுதான். அன்று தலைநகர் வாலெட்டாவின் குறுகிய தெருக்களில் பவுலின் மரச் சிலையை ஆண்கள் தோளில் சுமந்து வருவார்கள். பாண்டு வாத்தியம் முழங்கும், பால்கனிகளிலிருந்து காகிதத் துணுக்குகளைக் கொட்டுவார்கள். கல் தரை தெரியாத அளவுக்குக் காகிதம். நம் ஊர்த் தேரோட்டத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும், சித்திக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. கூட்டத்தில் மட்டும் அவர் கையை விட்டுவிடாதே.

சரி, குளிர். வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, "பகலில் 15, 16 டிகிரி, ராத்திரி 10 தானே, ஜெர்மனிக்கு இதெல்லாம் என்ன" என்று எழுதியிருந்தாய். உன் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, தம்பி. மால்டா வீடுகள் சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை, தரை ஓடு பதித்தது, மையச் சூடேற்றி என்கிற வழக்கமே கிடையாது. வெளியே வெயில் காயும், உள்ளே சுவர் ஈரமாகச் சில்லென்று இருக்கும். அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டு, மாடியில் அதைக் கழற்றி உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் அறை எடுக்கும்போது அழகான மரப் பால்கனி இருக்கிறதா என்று பார்க்காதே, அறையில் சூடுதரும் ஏசி இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டு எழுத்தில் வாங்கு. பவுலும் கூட வந்தவர்களும் மழையிலும் குளிரிலும் நனைந்து கரையேற, தீவுக்காரர்கள் முதல் வேலையாக நெருப்பு மூட்டினார்கள் என்றுதான் பைபிளிலேயே இருக்கிறது. இப்போது அதற்கும் தனிக் கட்டணம்.

தங்குவதற்கு வாலெட்டாவே போதும். கடற்கரை ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று வடக்கே புஜிபா பக்கம் போய்விடாதே. கோடைக்கு அது சரி, உங்களுக்குப் பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். வாலெட்டாவிலும் நகர வாசலுக்குப் பக்கமாகப் பார். அங்கிருந்து செயின்ட் எல்மோ கோட்டை வரை போகும் ரிபப்ளிக் தெரு மேட்டின் முதுகில் ஓடுகிறது. அதன் மேல்பாதி கிட்டத்தட்டச் சமதளம். இருபுறமும் பிரியும் குறுக்குத் தெருக்கள் துறைமுகத்தை நோக்கி இறங்கும், பல இடத்தில் படிக்கட்டாகவே. சித்தியின் முழங்காலுக்கு அது ஆகாது. மழை பெய்தால் நடந்து நடந்து வழவழப்பான அந்தக் கல் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பு வாங்கிக் கொடு. கீழே படகுத்துறைக்குப் போய்விட்டு மேலேற பராக்கா லிஃப்ட் இருக்கிறது.

முன்கூட்டியே பதிய வேண்டியது ஒன்றே ஒன்று: ஹால் சஃப்லியெனி ஹைப்போஜியம். 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது அகப்பட்ட நிலத்தடி இடுகாடு. பாறையை மூன்று அடுக்காகக் குடைந்து செய்தது. மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே இருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால் மணிக்கு 10 பேர், நாளைக்கு 80 பேர்தான். மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைப் பார். உள்ளே படிகள் உண்டு, ஆனால் மெதுவாகத்தான் கூட்டிப்போவார்கள். கேமரா, போன் எதற்கும் அனுமதியில்லை.

அங்கே கிடைத்த ஒரு களிமண் பொம்மை வாலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உறங்கும் பெண்மணி என்பார்கள். உள்ளங்கையில் வைத்துவிடலாம், அவ்வளவு சின்னது. பருத்த உடம்பு, மடிப்பு வைத்த பாவாடை. ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், அவள் பாரத்தில் கட்டில் நடுவில் தொய்ந்திருக்கிறது. தூங்குகிறாளா, செத்துப்போனவளா என்று இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு மால்டாவில் பிடித்தது இதுதான், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியத்தைவிடவும். அதையும் விட்டுவிடாதே: புனித யோவான் இணைப்பேராலயத்தில் இருக்கிறது, புனித யோவானின் தலையை வெட்டும் காட்சி, 1608இல் வரைந்தது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அது. கையெழுத்து யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில் இருக்கிறது. அதே ஆண்டு கடைசியில் கரவாஜியோவை, அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரர் சபையிலிருந்து நீக்கிய கூட்டம் நடந்ததும் இந்த ஓவியம் இருக்கும் கூடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு மூடல்.

மற்றதைக் காற்றிடம் விட்டுவிடு. வடகிழக்குக் காற்றை அங்கே கிரிகல் என்பார்கள். வாலெட்டாவின் பெரிய துறைமுகத்தின் வாய் அந்தத் திசையைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. பவுலின் கப்பலை அலைக்கழித்த யூரோக்கிலிதோனும் இதே காற்றுதான் என்பார்கள். அது அடித்தால் பக்கத்திலிருக்கும் கோசோ தீவுக்கு வாலெட்டாவிலிருந்து போகும் வேகப்படகு நின்றுவிடும். வடக்கு முனையில் இருக்கும் சிர்கெவ்வாவிலிருந்து போகும் பெரிய ஃபெர்ரி பெரும்பாலும் ஓடும், 25 நிமிடம். போகும்போது காசு வாங்கமாட்டார்கள், திரும்பும்போதுதான். ஆகவே கோசோவுக்கு இந்த நாள் என்று முன்பே குறிக்காதே, முந்தின ராத்திரி காற்றைப் பார்த்து முடிவு செய். அசூர் விண்டோ என்ற கல் வளைவைப் பழைய படங்களில் பார்த்து சித்தி கேட்டால், 2017 மார்ச்சில் ஒரு புயலில் அது கடலுக்குள் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடு. அதற்குப் பதில் வயல் வரப்பெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் புளியாரையைக் காட்டு, பாதாமும் பூத்திருக்கும். கோடையில் போகிறவனுக்கு இந்தத் தீவு பச்சையாக இருக்கும் என்றே தெரியாது.

சாப்பாடு கவலையில்லை. பட்டாணியோ ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ வைத்துச் சுட்ட பஸ்டிட்சி என்கிற பலகாரம் தெருவுக்குத் தெரு சுடச்சுடக் கிடைக்கும். சில இடத்தில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சித்திக்கு வாங்குமுன் கேட்டுவிடு. கிட்டத்தட்ட எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள்.

அப்புறம் விசா. சித்தியின் ஜெர்மன் ஷெங்கன் விசாவே மால்டாவுக்குச் செல்லும், தனியாக எதுவும் வேண்டாம். ஆனால் அது ஒரே முறை நுழைய அனுமதிக்கும் விசா என்று சொன்னாய். அதனால் மலிவு என்று லண்டன், இஸ்தான்புல் வழியாகப் பதிந்துவிடாதே. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது. நேர் விமானமாகப் பார். பாஸ்போர்ட்டுகளும் உன் ரெசிடென்ஸ் கார்டும் கையோடு இருக்கட்டும். அங்கே மூன்று முனை பிரிட்டிஷ் பிளக், உன் ஜெர்மன் சார்ஜர் சொருகாது, அடாப்டர் வாங்கு. ஹைப்போஜியத்துக்கு எந்தத் தேதி கிடைத்தது என்று எழுது, அதை வைத்து மற்ற நாட்களைப் பிரித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்