ஹெரால்டுக்குப் புதுக் கார்பெட்

சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். உங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குக் கார்பெட் மாற்றப்போவதாகவும், என் ஹெரால்டுக்கு எப்படிச் செய்தேன் என்று எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். பத்து நாட்களுக்கு முன்புதான் அந்த வேலை முடிந்தது. முழங்கால் வலி மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது.

முன்பு ஒரு பட்டறையில் போட்ட கார்பெட்டால் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டில் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டுமென்றால், வண்டிக்கு அடியிலிருந்து அல்ல, உள்ளிருந்து, இருக்கைகளை எடுத்துவிட்டு, நடுவில் கியர்பாக்ஸின் மேலுள்ள மூடியின் திருகுகளைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டறைக்காரர் அந்த மூடியையும் இருபக்கத் தரையையும் சேர்த்து ஒரே துண்டாகப் போர்த்தி, மூலை முடுக்கெல்லாம் பசை தடவி ஒட்டியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கியர்பாக்ஸைக் கழற்றிச் செய்ய வேண்டிய கிளட்ச் வேலை வந்த அன்று அதைக் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. அடியில் மெத்தைபோல் விரித்திருந்த சணல் ஃபெல்ட் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்தது. ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை மெல்ல அழுத்தியதும் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது.

ஆகவே இம்முறை கார்பெட் வாங்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். ஒருவர் வெளியிலிருந்து குழாய்நீரை அடிக்க, நான் டார்ச்சோடு உள்ளே படுத்திருந்தேன். முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலையில் ஒரு மெல்லிய கோடு இறங்கியது. அதைச் சரிசெய்து, ஓட்டை விழுந்த இடத்தில் புதுத் தகடு பற்றவைத்து, துருவைத் தடுக்க ரெட் ஆக்சைடும் அதன்மேல் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே துணிக்கு வந்தேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நைலான் கார்பெட் வாங்கினேன். கம்பளி இன்னும் அழகுதான். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் அது தாங்காது என்பது என் எண்ணம். பழைய கந்தலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைத் தரையில் விரித்து, சுருங்கிய ஓரங்களுக்கு இரண்டு விரல் கூட்டி, பழுப்புக் காகிதத்தில் அச்சு எடுத்தேன். கார்பெட்டைப் பின்பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். ஆதலால் அச்சைக் குப்புறப் போட்டு வரைய மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, இடப்பக்கத் துண்டு ஒன்றை வீணாக்கினேன். இழை சாயும் திசையும் எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும்.

நடுமூடிக்குத் தனித் துண்டு, தரைக்கு இருபக்கமும் தனித்தனித் துண்டுகள் என்று பிரித்து, ரெக்சினில் ஓரம் கட்டச் சொன்னேன். மூடிக்கும் பக்கவாட்டுக்கும் மட்டுமே பசை. இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். தரைத்துண்டுகளை டிச் பட்டன் வைத்தே பிடித்திருக்கிறேன். மழையில் நனைந்தால் அரை நிமிடத்தில் கழற்றி வெயிலில் போடலாம். இருக்கை போல்ட்டுக்குக் கார்பெட்டின் மேல் டிரில் ஓட்டாதீர்கள். முனையில் ஒரு நூல் சிக்கினால் ஒரு வரிசையையே உருவிக்கொண்டு போகும். குத்தூசியைச் சூடாக்கிக் குத்தினால் நைலான் உருகித் துளையின் ஓரம் தானே கட்டிக்கொள்ளும். பெடல்களுக்கு அடியில் தடித்த ஃபெல்ட் வேண்டாம். எனக்குக் கிளட்ச் முழுதாக இறங்காமல், கியர் போடும்போதெல்லாம் கரகரத்தது. அந்த இடத்தில் மட்டும் ஃபெல்ட்டை வெட்டியெடுத்த பின் சரியாயிற்று.

என் காகித அச்சுகளைச் சுருட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்னுடையது இரண்டு கதவு வண்டி, உங்களுடையது நான்கு கதவு வண்டி. கூரையைத் தாங்கும் நடுத்தூண் வேறு இடத்தில் இருப்பதால் பக்கவாட்டுத் துண்டுகள் உங்களுக்குப் பொருந்தா. நடுமூடிக்கும் முன்தரைக்கும் மட்டும், அதுவும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்