வெளிநாட்டு வேலை என்ற பெயரில் ஆள்கடத்தல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடியில் ஈடுபடும்படி வதைக்கப்பட்டதை 2022இல் மீண்டு வந்தவர்கள் சொல்லக் கேட்டோம். அதன் பிறகும் அந்த வலை அறுபடவில்லை.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே பெறலாம். இலட்சக்கணக்கில் பணம் கேட்பவரையும், சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்பவரையும் நம்பவே கூடாது. தெரிந்தவர் மூலமாக வரும் வாய்ப்பு என்பதாலேயே பல குடும்பங்கள் விசாரிக்கக் கூச்சப்படுகின்றன. நகையை அடகு வைக்கும் முன், முகவரின் பதிவை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் சரிபார்க்கும் முறையைக் கிராம சபைகளிலும் கல்லூரிகளிலும் அதிகாரிகள் நேரில் செய்து காட்ட வேண்டும்.